பஜ்ஜிக் காகிதமும் பயாப்சி கண்ணாடியும்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி. பயாப்சி எடுத்தார்கள். இன்னொரு டாக்டரிடமும் காட்டலாம் என்று ஸ்லைடைக் கேட்டு வாங்கினேன். விரல் நீளக் கண்ணாடி, அதன் நடுவே ரோஜா நிறத்தில் நகமளவு ஒரு கறை. அதன்மேல் மெல்லிய கண்ணாடி ஒன்றை ஏதோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருக்கிறது. நடுவில் பசை இருந்தால் உள்ளே இருப்பது எப்படித் தெளிவாகத் தெரியும்? சுத்தம் செய்துதான் கொடுக்க வேண்டுமா?”

முதலில் அவசரமான பதில்: தொடாதீர்கள். அந்தப் பசை இருப்பதால்தான் உள்ளே இருப்பது தெரிகிறது. அது எப்படி என்று புரிந்துகொள்ள டீக்கடை வரைக்கும் போனால் போதும்.

சுடச்சுட பஜ்ஜியைச் செய்தித்தாள் துண்டில் வைத்துத் தருகிறார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் காகிதம் கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது; பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிகிறது. காகிதம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், நாருக்கும் நாருக்கும் இடையில் அடைபட்டிருக்கும் காற்று. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1. நாருக்குச் சுமார் 1.5. ஒளி காற்றிலிருந்து நாருக்குள் நுழையும்போது ஒருமுறை வளைகிறது, வெளியேறும்போது மறுமுறை வளைகிறது. ஆயிரக்கணக்கான எல்லைகளில் இப்படி வளைந்து, தெறித்து, திசைக்கொன்றாகச் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் வெள்ளை. எண்ணெயின் எண் ஏறக்குறைய 1.47. அது காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்ததும், ஒளிக்கு எல்லை எங்கே என்றே தெரிவதில்லை, நேராகக் கடந்துபோகிறது. தண்ணீர் பட்டாலும் காகிதம் ஓரளவு தெளியும். ஆனால் தண்ணீரின் எண் 1.33, நாரோடு அவ்வளவாகப் பொருந்தாது.

உங்கள் கையிலுள்ள ஸ்லைடில் நடந்திருப்பதும் இதுதான். மெழுகில் பதித்த கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடியில் ஏந்தி எடுக்கிறார்கள். மெழுகையும் பிறகு தண்ணீரையும் அகற்றிய திசுச் சீவல், இடுக்கு நிறைந்த காகிதத்தைப் போன்றது. உலர்ந்த புரதத்தின் எண் ஏறக்குறைய 1.53, கண்ணாடியின் எண் 1.52. இடையில் ஊற்றும் பசையும் 1.52 என்றால், கீழ்க்கண்ணாடி, திசு, பசை, மேல்கண்ணாடி நான்கும் ஒளிக்கு ஒரே கட்டியாகிவிடும். பரிசோதனைக் கூடங்களில் டி.பி.எக்ஸ். என்று சொல்லும் பசையின் எண் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறது.

அப்படியானால் திசுவும் சேர்ந்து மறைந்துவிடாதா? மறைந்துதான் போகும்! மறுபடி பஜ்ஜிக் காகிதத்தைப் பாருங்கள். எண்ணெய் காகிதத்தைத்தான் மறைத்தது. அச்சு மையை மறைக்கவில்லை. மை ஒளியை விழுங்குகிறது, விழுங்குவதை எந்த எண்ணெயாலும் சரிக்கட்ட முடியாது. திசுவுக்கு மை, ஹீமடாக்ஸிலினும் இயோசினும். முன்னது செல்லின் கருவை நீலமாக்குகிறது, பின்னது மற்றதை ரோஜாவாக்குகிறது. சாயமேற்றி முடித்த பிறகு பசை திசுவைத் துடைத்தெடுக்க, சாயம் மட்டும் அந்தரத்தில் எழுத்துபோல் நிற்கிறது. டாக்டர் வாசிப்பது அந்த எழுத்தைத்தான்.

பஜ்ஜியை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். காயும் எண்ணெயில் தண்ணீர் சொட்டினால் என்ன ஆகும்? இரண்டும் சேராது. டி.பி.எக்ஸுக்கும் தண்ணீர் ஆகாது. துளி ஈரம் தங்கினாலும் ஸ்லைடு பால் கலந்ததுபோல் மங்கும். அதனால்தான் திசுவைப் படிப்படியாக ஆல்கஹாலில் முக்கி ஈரத்தை வாங்கி, ஆல்கஹாலைச் சைலீன் என்ற கரைப்பானால் கழுவி, சைலீன் ஈரத்தோடே பசைக்குள் இறக்குகிறார்கள்.

இங்கே கை தாமதித்தால் வினை. பசை விழுவதற்கு முன் சைலீன் ஆவியாகிவிட்டால், செல்லின் கருக்களுக்குள் காற்று புகுந்துகொள்ளும். காற்று என்றால் எண் 1. உடனே எல்லை திரும்ப வந்துவிடும், ஒளி சிதறும். லென்ஸ் வழியே பார்த்தால் நீலமாக இருக்கவேண்டிய கருக்கள் கருகிய பழுப்புப் பொட்டுகளாக மின்னும். உள்ளே ஒன்றும் தெரியாது. நோயின் குறி என்று பயப்பட வேண்டியதில்லை, சிக்கிய காற்றுதான். கவர் ஸ்லிப் எனப்படும் மேல்கண்ணாடியைக் கழற்றிச் சைலீனில் ஊறவைத்து, தண்ணீர்வரை திரும்பக் கொண்டுபோய், மறுபடி ஈரம் நீக்கி ஒட்டினால் கருக்கள் நீலத்துக்குத் திரும்புகின்றன. ஒளிவிலகலுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

டி.பி.எக்ஸ். என்ற பெயரின் மூன்று எழுத்துகளும் மூன்று சரக்குகள்: டிஸ்ட்ரீன், பிளாஸ்டிசைசர், சைலீன். டிஸ்ட்ரீன் என்பது வணிகப் பெயர். உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன். டி.வி. பெட்டிக்குள் வைத்து வரும் தெர்மாகோலும் அதேதான். காற்று நிறைந்த நுரையாக்கினால் பால் வெள்ளைத் தெர்மாகோல். காற்றில்லாமல் சைலீனில் கரைத்தால் கண்ணாடித் தெளிவுப் பசை. பாலிஸ்டைரீனின் எண் 1.59, சைலீனுக்கு 1.50, கலவை நடுவில் வந்து நிற்கிறது. சைலீன் ஆவியானதும் பசை சுருங்கி ஓரத்தில் காற்றை உள்ளே இழுக்காமல் காப்பது பிளாஸ்டிசைசர்.

வரலாறு சுருக்கமாக. 19ஆம் நூற்றாண்டில் இந்த வேலையைச் செய்தது கனடா பால்சம், வட அமெரிக்க ஃபிர் மரத்தின் பிசின். எண் அருமையாகப் பொருந்தும். ஆனால் நாளாக ஆக மஞ்சளாகும், புளிப்பேறிச் சாயத்தை வெளுக்கவைக்கும். அதற்கு மாற்றாக 1939இல் கிர்க்பாட்ரிக், லெண்ட்ரம் இருவரும் டி.பி.எக்ஸைக் கொண்டுவந்தார்கள்.

இதுவரை சொன்னது மேலே போடும் பசை. அடியில் திசுவைக் கண்ணாடியோடு பிடித்துவைக்கும் பசை வேறு. பழைய முறை, 1880களில் பவுல் மேயர் சொன்னது: முட்டை வெள்ளைக்கருவையும் கிளிசரினையும் சம அளவில் கலந்து ஒரு சொட்டு தேய்ப்பது. சூட்டில் வெள்ளைக்கரு இறுகித் திசுவைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணச் சாயத்துக்கு இது போதும்.

மார்பகக் கட்டிக்குப் போதாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்று பார்க்க, திசு கெடாமலிருக்கச் சேர்க்கும் ஃபார்மலின் பூட்டிவைத்த புரதங்களைத் திறந்தாக வேண்டும். 1991 முதல் பழக்கத்துக்கு வந்த வழி, ஒட்டிய திசுவை ஸ்லைடோடு கொதிநிலைக்குப் பக்கத்துச் சூட்டில் வேகவைப்பது. கண்ணாடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, திசுவிலும் எதிர்மின்னூட்டம் மிகுதி; இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் சீவல் உரிந்து மிதந்துவிடும். அதனால் கண்ணாடிமேல் நேர்மின்னூட்டம் கொண்ட பாலிலைசினையோ அமினோசிலேனையோ பூசுகிறார்கள். இப்போது மின்விசையே பசை. அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை பலன் தருமா என்று சொல்லும் சோதனை, இந்தப் பூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

செயற்கை நுண்ணறிவு நொடியில் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடும் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பசைகள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஸ்லைடை முழுதாகப் படமெடுக்கும் எந்திரத்தை நோயறிவதற்குப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2017இல் அனுமதித்தது, பயனுள்ள கருவிதான். ஆனால் எந்திரம் பார்ப்பதும் இதே ஸ்லைடைத்தான். மடிந்த சீவலையும் காற்றுக்குமிழையும் உரிந்துபோன ஓரத்தையும் எந்த மென்பொருளாலும் நேராக்க முடியாது. ஸ்லைடுக்குத் தெளிவைத் தருவது, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்கிக் குமிழை ஓரமாகத் தள்ளும் டெக்னீஷியனின் விரல். விளம்பரத்தில் அந்த விரலுக்கு இடமில்லை. ரிப்போர்ட்டின் நம்பகம் அங்கேதான் தொடங்குகிறது.

வாசகிக்கு: வழிந்து காய்ந்த பசையைச் சுரண்டாதீர்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் அருகில் வரவேண்டாம், பசை கரைந்துவிடும். சாயம் வெளுக்காமலிருக்க, வெயில் படாத இடத்தில் டப்பாவில் வையுங்கள். ஸ்லைடோடு, கட்டியைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். அந்த மெழுகு 60 டிகிரி வாக்கில் உருகக்கூடியது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஸ்லைடு உடைந்தால் பிளாக்கிலிருந்து இன்னொன்று சீவிக்கொள்ளலாம். பிளாக் கெட்டால் திரும்பக் கட்டியைத் தேடிப்போக வேண்டும்.