துவர்ப்பின் பிடி

ஜோலார்பேட்டை, அரக்கோணம் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கோடு வீட்டுத் திராட்சை ஒயினும் சேர்ந்ததுதான். பண்டிகைக்குப் பல வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். நண்பர்கள் கூடி உட்கார்ந்து கருந்திராட்சையைக் கையால் பிசைவார்கள். சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் இப்படிச் செய்வது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இறுக்கமான மூடி போடாமல் துணி கட்டுவதற்குக் காரணம் உண்டு. ஜாடிக்குள் ஈஸ்ட் 180 கிராம் குளுக்கோஸைத் தின்றால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வெளிவரும். அந்த 88 கிராம் வாயு நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 50 லிட்டர்; இரண்டரைத் தண்ணீர் கேன் கொள்ளும் அளவு. வழிவிடாமல் அடைத்தால் ஜாடி வெடித்துவிடும்.

ஆனால் எனக்குப் பெரிய வியப்பு அந்த ஒயினின் துவர்ப்புதான். திராட்சையின் தோலும் கொட்டையும் சாற்றிலேயே நாள்கணக்கில் ஊறுகின்றன; ஆல்கஹால் ஏற ஏற அவற்றிலிருந்து டானின் என்ற பொருள் கூடுதலாக இறங்குகிறது. ஒரு வாய் குடித்ததும், உமிழ்நீருக்கு வழுவழுப்பைத் தரும் புரதங்களை டானின் இறுகப் பற்றித் திரித்துவிடுகிறது. வழுவழுப்பு போன நாக்கு சொரசொரக்கிறது. நெல்லிக்காயும் வாழைப்பூவும் செய்வதும் இதையேதான்.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர். அங்கே தலைமுறை தலைமுறையாக ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த குழிகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதமாயின. பட்டையிலும் காயிலும் இருப்பது டானின். தோலின் நாரெல்லாம் கொலாஜன் என்ற புரதம். உமிழ்நீரில் டானின் தேடிப் பிடிக்கும் புரதங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுதி; கொலாஜனிலும் அது மிகுதி. நாக்கில் சில நொடியில் நடப்பது குழியில் வாரக்கணக்கில் நடக்கிறது. டானின் நாரோடு நாரைப் பிணைத்துவிட்டால், பச்சைத்தோலை அழுகவைக்கும் பாக்டீரியாவுக்கு அதைக் கரைத்துத் தின்ன முடியாது. அப்படிப் பதமான தோல் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கடல் கடந்து போனது.

இன்று இப்பகுதித் தோலில் பெரும்பங்கு குரோமிய உப்பில் பதமாகிறது. அது வேகமான வழி. டேனரிக் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. பட்டைக் குழிகள் அருகிப்போனதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு. பட்டைக் கழிவும் தண்ணீரைக் கெடுக்கும் என்றாலும், குரோமியம்போல மண்ணில் தங்கும் உலோகம் அதில் இல்லை.

மறுபடி ஜாடிக்கு வருவோம். ஒயின் தெளியச் சில வீடுகளில் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்கள். அந்தப் புரதத்தையும் டானின் பற்றிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து வண்டலாக அடியில் படியும், துவர்ப்பு தணியும். ஒயின் ஆலைகளில் இதே வேலைக்கு ஜெலட்டினும் சேர்ப்பதுண்டு. ஜெலட்டின் என்பது விலங்கின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுத்த கொலாஜன். ஆம்பூர்க் குழியில் கடுக்காய் பற்றிய அதே புரதத்தை, பீப்பாய்க்குள் திராட்சை பற்றுகிறது.