நிறமற்ற மருதாணி, மருதாணிதானா?

நரைத்த கூந்தலைச் சாயமின்றி அப்படியே விட்டுவிடுவது என்று என் மனைவி தீர்மானித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சாயம் பூசிய மறுநாள் காலையில் நெற்றியும் இமைகளும் வீங்கி, தோல் மருத்துவரிடம் ஓடியதன் விளைவு அது. பாரா-ஃபினைலீன்டையமீன் என்னும் வேதிப்பொருள் கலந்த எதையும் இனித் தொடவே கூடாது என்றார் மருத்துவர். அண்மையில் அவர் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். ‘நிறமற்ற மருதாணி’ என்று அதில் அச்சிட்டிருந்தது. முடிக்கு மென்மையும் பளபளப்பும் தருமாம். ‘இதைப் பூசலாமா?’ என்று கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. உள்ளே இருப்பது எந்தச் செடியின் இலை என்ற தகவலே பொட்டலத்தில் இல்லை.

மருதாணியில் நிறமற்ற வகை என்று ஒன்று கிடையாது. லாசோனியா இனெர்மிஸ் என்னும் அச்செடியின் இலையில் உள்ள லாசோன், முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து செம்மை நிறத்தைத் தருகிறது. நிறமற்றது என்ற பெயரில் பெரும்பாலும் விற்கப்படுவது சென்னா இட்டாலிகா என்னும் வேறொரு செடியின் இலைத்தூள். கேசியா ஒபோவாடா என்பது அதன் பழைய பெயர். அது நம் ஊர் ஆவாரைக்கு உறவு. ஒருகாலத்தில் திருநெல்வேலிச் சீமையின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்ட, மலமிளக்கியாகப் பயன்படும் நிலாவாரைக்கும் உறவுதான். ‘கறுப்பு மருதாணி’ என்பதோ சில நேரங்களில் அவுரி இலை. சில நேரங்களில் மேற்சொன்ன வேதிப்பொருள் கலந்த சாயம். ஒரே பெயரின் நிழலில் இத்தனை பொருள்கள்!

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய கட்டுரையொன்றை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்கியிருக்கிறேன். 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அடித்தளமிட்டது அக்கட்டுரை. பழைய காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் ஒரு சராசரி விலையையே தர முன்வருகிறார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் சந்தையை விட்டு விலகுகிறார். பச்சை நிறத் தூளுக்கும் இதே கதிதான். தூய இலையை உலர்த்தி, நுண்மையாக அரைத்து விற்பவரும், மலிவான எதையோ கலந்து விற்பவரும் ஒரே பெயரில், ஒரே விலையில் போட்டியிட்டால் நெடுநாள் தாக்குப்பிடிப்பவர் இரண்டாமவரே. இங்கே இழப்பு பணத்தோடு முடிவதில்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு அது உடல்நலத்தின் கேள்வி. தாவரவியல் பெயரையும் சேர்மானங்களையும் பொட்டலத்தின் முகப்பிலேயே, தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

இலையின் பயனை நான் மறுக்கவில்லை. வெந்நீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, ஈர முடியில் பூசி, ஒரு மணி நேரம் கழித்து நன்கு அலசினால் முடி சற்றுத் தடித்தாற்போலவும் மினுமினுப்பாகவும் இருப்பதாகப் பயன்படுத்துவோர் கூறுகின்றனர். ஆனால் பிளந்த நுனியை அது ஒட்டவைக்காது. வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள். ‘நிறமற்ற’ என்ற சொல்லும் முழு உண்மையன்று. இவ்விலையில் ஆந்த்ரகுயினோன் வகை மஞ்சள் சேர்மங்கள் உள்ளன. கருங்கூந்தலில் அவை தெரியா. நரையில், அதுவும் எலுமிச்சைச் சாறு சேர்த்து நெடுநேரம் ஊறவிட்டால், இளமஞ்சள் படியும்.

அந்தப் பொட்டலத்தை நாங்கள் பயன்படுத்தவில்லை. செடியின் பெயரை அச்சிட்டிருந்த வேறொன்றை வாங்கினோம். சீப்பில் உதிர்ந்த நரைமுடிகளை நூலால் கட்டி, கையுறை அணிந்து, குழைத்த தூளில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். செம்மையேறினால் மருதாணி, கறுத்தால் சாயம். இச்சோதனை ஒவ்வாமை வராது என்பதற்கு உறுதியாகாது என்பதால், மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டோம். முடியில் மெல்லிய வைக்கோல் நிறம் மட்டுமே ஏறியிருந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த மனைவி, ‘வெள்ளையே நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.