மொட்டை மாடிக்கு வாங்க, நட்சத்திரம் பிடிக்கலாம்!

கரண்ட் போன ராத்திரியில் பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஏறியிருக்கீங்களா? கொசுவை விரட்டிக்கிட்டே மல்லாந்து படுத்தா, "அட, இத்தனை நட்சத்திரமா!" என்று ஒரு நிமிஷம் வாய் பிளந்திருப்பீங்க. அதற்குள் கரண்ட் வந்திருக்கும். தெரு விளக்கு எரிந்திருக்கும். நீங்களும் சீரியலோ, கிரிக்கெட்டோ பார்க்கக் கீழே ஓடியிருப்பீங்க. வானம் அங்கேயே இருந்தது, நாமதான் கிளம்பிட்டோம்.

அந்த ஒரு நிமிஷத்தைக் கேமராவில் பிடிக்க முடியுமா? தாராளமா முடியும். உலகம் முழுக்க டாக்டர்கள், பூட்டு ரிப்பேர் செய்பவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எத்தனையோ பேர் இதை ஒரு பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். "அதுக்கெல்லாம் லட்ச ரூபாய் டெலஸ்கோப் வேணுமே பாஸ்" என்று ஜகா வாங்காதீங்க. ஆரம்பிக்க வேண்டிய முதலீடு இரண்டே இரண்டுதான். ஒன்று பொறுமை, இன்னொன்று இருட்டு. பொறுமை உங்க கையில் இருக்கு. இருட்டுதான் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுகிட்டே வருது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

உங்க நட்சத்திரத்தைப் பார்த்திருக்கீங்களா?

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "திருவாதிரை நட்சத்திரம்" என்று சொல்கிறோம். கல்யாணப் பேச்சு வந்தால் நட்சத்திரப் பொருத்தம் பார்க்கிறோம். ஆனா அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கு என்று கேட்டால் முழிக்கிறோம்.

திருவாதிரைக்காரங்க தை, மாசி மாதங்களில் இரவு எட்டு மணிக்கு மேலே பாருங்க. ஒரே கோட்டில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அது ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்பு பெல்ட். பக்கத்திலேயே சிவப்பாக மின்னுகிற பெரிய நட்சத்திரம்தான் உங்களுடையது. சற்றுத் தள்ளி ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. அதற்கும் அப்பால் குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இருப்பது கார்த்திகை. சித்திரை, சுவாதி, கேட்டைக்காரங்க கோடை விடுமுறை வரைக்கும் காத்திருக்கணும்.

இங்கே ஒரு விஷயம். வெளிச்சத்திலிருந்து வந்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். நடுவில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தீங்கன்னா, மறுபடியும் முதலிலிருந்து! டார்ச் வேண்டுமென்றால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைச் சுற்றிக் கட்டிக்குங்க. சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. எந்த நட்சத்திரம் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று காட்ட 'ஸ்டெல்லேரியம்' என்ற இலவச மென்பொருள் இருக்கு. கம்ப்யூட்டரில் போட்டு உங்க ஊரைக் கொடுத்தா போதும், அன்றைக்கு ராத்திரி வானத்தை அப்படியே விரிச்சுக் காட்டிடும்.

அருந்ததியின் முதல் போட்டோ

கல்யாணத்தில் பட்டப்பகலில் மண்டபத்து வாசலில் நிற்க வைத்து, "அதோ அருந்ததி" என்று கை காட்டுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டுவார்கள். நிஜமாகவே பார்க்கணுமா? ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்குப் பக்கம் பாருங்க. சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாகத் தெரிகிற சின்னப் புள்ளிதான் அருந்ததி.

வான் புகைப்படக் கலையின் வரலாற்றில் இந்த ஜோடிக்குத் தனி இடம் உண்டு. 1857-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்தில் வசிஷ்டரையும் அருந்ததியையும் போட்டோ எடுத்தார்கள். இன்னொரு விஷயம், டெலஸ்கோப்பில் பார்த்தால் வசிஷ்டரே இரண்டு நட்சத்திரங்களாகப் பிரிந்து தெரிவார். இரட்டை நட்சத்திரம் ஒன்று கேமராவில் பதிவானது அதுதான் முதல் தடவை.

அடுத்த பெரிய தாவலைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற அமெச்சூர்கள்தான். ஹென்றி டிரேப்பர் படித்தது மருத்துவம். 1880 செப்டம்பர் 30 அன்று, ஓரியனின் பெல்ட்டுக்குக் கீழே இருக்கும் புகை மண்டலத்தை 51 நிமிஷம் தொடர்ந்து ஒளி விழ வைத்துப் படமாக்கினார். நெபுலா என்று சொல்லப்படும் அந்த மாதிரிப் புகை மண்டலத்துக்கு அதுதான் முதல் போட்டோ. மூன்று வருஷம் கழித்து, 1883-ல், இங்கிலாந்தில் சுகாதாரப் பொறியாளராக இருந்த ஆண்ட்ரூ காமன் அதே நெபுலாவை ஒரு மணி நேரம் எடுத்தார். டெலஸ்கோப் வழியாகப் பார்த்தும் கண்ணுக்குத் தட்டுப்படாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் இருந்தன!

எப்படி? நம்ம கண்ணுக்குச் சேமிக்கத் தெரியாது. வருகிற ஒளியை அந்தந்த நொடியே செலவு பண்ணிடும். கேமரா ஓர் உண்டியல். துளித்துளியாக விழும் ஒளியை எத்தனை நேரம் ஆனாலும் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கலையின் மொத்த ரகசியமும் இந்த உண்டியலில்தான் இருக்கு.

முதல் க்ளிக் நிலாவுக்கு

பௌர்ணமி நிலாவை எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனா படத்துக்கு அஷ்டமி நிலாதான் அழகு. பௌர்ணமியில் சூரிய வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, நிலா தட்டையாகத் தெரியும். பாதி நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் வெளிச்சம் சாய்வாக விழும். பள்ளங்களும் மலைகளும் நிழலோடு எடுப்பாக நிற்கும்.

ஒரு பைனாகுலரை ஸ்டாண்டில் நிறுத்தி, கண் வைக்கிற இடத்தில் செல்போன் லென்ஸை ஒட்டிப் பிடிங்க. திரையில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து ஒரு க்ளிக். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை. இரவாச்சே என்று போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டும், படம் வெள்ளை உருண்டையாக வரும். அதனால்தான் குறைக்கச் சொல்றேன்.

அடுத்தது நட்சத்திரங்கள். வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். சும்மா கிடக்குதா? ஸ்டாண்டில் மாட்டுங்க. எல்லாவற்றையும் மேனுவலுக்கு மாற்றுங்க. லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து விடுங்க. ஐ.எஸ்.ஓ. 1600. பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது சின்னஞ்சிறு புள்ளியாகும் வரை ஃபோகஸைத் திருப்புங்க. கை பட்டு ஆடாமல் இருக்க இரண்டு நொடி டைமர் போடுங்க.

எத்தனை நொடி திறந்து வைக்கலாம்? பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. ரொம்ப நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். இதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுங்க. சின்ன சென்சார் உள்ள சாதாரண டி.எஸ்.எல்.ஆர். என்றால் முதலில் மில்லிமீட்டரை 1.5-ஆல் பெருக்கிக்கணும். 18 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 18 நொடி வரும், 50 மி.மீ.க்கு ஆறு நொடிதான். அதற்கும் ஒன்றிரண்டு நொடி குறைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

ஐந்து நொடியில் உண்டியலில் என்ன பெரிசா சேரும் என்று கேட்கறீங்களா? நியாயமான கேள்வி. ஒரு படம் எடுக்காதீங்க, நூறு படம் எடுங்க! 'டீப்ஸ்கை ஸ்டாக்கர்', 'சிரில்' போன்ற இலவச மென்பொருள்கள் நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் சரியாக உட்காரும்படி எல்லாவற்றையும் அடுக்கி ஒரே படமாக்கும். படத்தில் மணல் தூவின மாதிரி இருக்கும் புள்ளி இரைச்சல், படங்களின் எண்ணிக்கைக்கு உள்ள வர்க்கமூலத்தின் அளவுக்குக் குறையும். நூறு படம் என்றால் பத்து மடங்கு சுத்தம்!

இப்படி ஓரியன் நெபுலாவை அடுக்கிப் பாருங்க. கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகையாகத் தெரிந்தது படத்தில் இளஞ்சிவப்பாக மலரும். அங்கே ஹைட்ரஜன் வாயு ஒளிர்கிறது. அது இருப்பது சுமார் 1,340 ஒளி ஆண்டுகள் தள்ளி. நீங்க பிடித்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது இங்கே மாமல்லபுரம் பக்கம் பல்லவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது!

கடைக்குப் போகும் முன்

அட்டைப் பெட்டியில் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று போட்ட சின்ன டெலஸ்கோப்பைப் பார்த்தால் அப்படியே அபௌட் டர்ன். லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதைப் போல இரண்டு மடங்குதான் பயனுள்ள உச்சம். 60 மி.மீ. டெலஸ்கோப்புக்கு 120 மடங்கு, அவ்வளவுதான். அதே காசுக்கு ஒரு 10x50 பைனாகுலர் வாங்கினால் வியாழனின் நிலாக்கள், கார்த்திகைக் கொத்து, ஆண்ட்ரோமெடா கேலக்ஸி எல்லாம் கிடைக்கும்.

டெலஸ்கோப்தான் வேணும் என்று அடம் பிடிப்பவர்கள் ஜான் டாப்ஸன் கதையைக் கேளுங்க. சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் வழிவந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார், அட்டைக் குழாயில் பொருத்தினார். ராத்திரியில் அதைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் வருவோர் போவோருக்கு எல்லாம் வானத்தைக் காட்டினார். அதனாலேயே 1967-ல் மடத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தது. இன்று உலகம் முழுக்க அமெச்சூர்கள் வைத்திருக்கும் 'டாப்ஸோனியன்' டெலஸ்கோப் அவர் பெயரில்தான் இருக்கு.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சூரியனுக்கென்றே உள்ள ஃபில்டரை முன்பக்கம் மாட்டாமல் பைனாகுலரையோ டெலஸ்கோப்பையோ கேமராவையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. பார்வை போனால் திரும்ப வராது.

பூட்டுக்காரர் பிடித்த சூப்பர்நோவா

"படம் எடுத்து ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டறதோட சரியா?" இல்லை. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்தில் விக்டர் புசோ என்ற பூட்டுத் தொழிலாளி 2016 செப்டம்பர் 20 அன்று தன் வீட்டு டெலஸ்கோப்பில் புதுக் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு கேலக்ஸியை அடுத்தடுத்துப் படம் பிடிக்கும்போது, முதலில் இல்லாத ஒரு புள்ளி முளைத்துப் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு நட்சத்திரம் வெடித்துச் சிதறும் முதல் கணங்கள் அவை! பெரிய ஆய்வகங்களே ஏங்கிய அந்தக் காட்சி 2018-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரையானது.

1997-ல் உலகமே அண்ணாந்து பார்த்த ஹேல்-பாப் வால் நட்சத்திரத்தை 1995 ஜூலையில் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் பாப்புக்குச் சொந்தமாக ஒரு டெலஸ்கோப்கூட இல்லை. நண்பருடையதில் எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்.

நமக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. பால்வெளியின் மையம் லண்டன்காரர்களுக்கு அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரிக்கு மேல் ஏறாது. திருச்சியிலிருந்து பார்த்தால் 50 டிகிரி உயரத்துக்கு வரும். கோடையில் கேட்டை நட்சத்திரத்தைத் தேடி, அதன் கிழக்குப் பக்கம் கேமராவைத் திருப்புங்க.

களவு போகும் இருட்டு

இப்போ அந்தக் கடைசி விஷயம். பால்வெளியை எடுக்க ஊருக்கு வெளியே போகணும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை அமைத்ததற்கு நகர வெளிச்சம் எட்டாத அந்த இருட்டும் ஒரு காரணம். அங்கே 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986-ல் இயங்கத் தொடங்கியது. ஆனா நமக்கும் இருட்டுக்கும் நடுவிலான தூரம் கூடிக்கொண்டே போகிறது.

2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,351 பதிவுகளை விஞ்ஞானிகள் கூட்டிப் பார்த்தார்கள். இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக வருஷத்துக்கு 9.6 சதவீதம் ஏறியிருக்கு. 2023-ல் வெளியான அந்த ஆய்வு சொன்ன ஒரு கணக்கு உங்களுக்கானது. 250 நட்சத்திரங்கள் தெரிகிற இடத்தில் ஒரு குழந்தை பிறந்தால், அதற்கு 18 வயசாகும்போது அங்கே தெரிவது 100 மட்டும்தான். அதாவது, காலேஜில் சேரும் வயசுக்குள் பாதிக்கு மேல் காலி!

அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் போனவை. நம்ம பக்கத்திலிருந்து போன கணக்கு ரொம்பக் குறைவு. நம்ம வானம் எவ்வளவு வேகமாக வெளுக்குது என்பதை நாமதானே எழுதி வைக்கணும்? 'குளோப் அட் நைட்' என்ற அந்தத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம். நிலா இல்லாத இரவில் ஓரியன் எவ்வளவு தெளிவாகத் தெரியுது என்று படத்தோடு ஒப்பிட்டு அனுப்பினா போதும். டெலஸ்கோப் வேண்டாம், கேமராகூட வேண்டாம்.

காலேஜில் நாலு பேர் சேர்ந்தால் இன்னும் ஜோர். மாதம் ஒரு தடவை அமாவாசையை ஒட்டிய இரவில் ஒரே மாடியிலிருந்து, ஒரே கேமராவில், ஒரே அமைப்பில் ஒரு படம் எடுத்துச் சேர்த்து வைங்க. நீங்க பட்டம் வாங்கிப் போகும்போது மூன்று வருஷ வானம் ஜூனியர்கள் கையில் இருக்கும். அதைக் காட்டியே மைதானத்து ஃப்ளட் லைட்டுக்கு மேல்மூடி போடச் சொல்லி பிரின்ஸிபாலிடம் கேட்கலாம். விளக்கு தரையைப் பார்த்து எரிந்தால் போதும், வானத்துக்கு எதற்கு வெளிச்சம்?

ஊருக்கு வெளியே போவதாக இருந்தால் தனியாகப் போகாதீங்க. வீட்டிலோ வார்டனிடமோ சொல்லிட்டுப் போங்க. காலில் ஷூ, கையில் டார்ச், பையில் பிஸ்கட் பாக்கெட் முக்கியம். அமாவாசை என்றைக்கு என்று தெரியலையா? வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டரைக் கிழித்துப் பாருங்க. அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடிக் கதவுச் சாவியை மறக்காம வாங்கி வெச்சுக்குங்க!