சீதாதேவிக்கு இரண்டு கதவு

சீதாதேவிக்கு இரண்டு கதவு முளைத்துவிட்டது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அசல் சீதாதேவிக்குப் பயணிகள் ஏறும் கதவு இடப்பக்கம் மட்டும்தான். உடப்புசல்லாவையில் மழைக்கு மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மாலையில், மூன்று மணி நேரம் குனிந்து வேலை செய்து முடித்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. விமானத்தின் பாதியை மட்டும் செய்தால் மறுபாதியைக் கணினியே கண்ணாடிப் பிம்பமாகச் செய்து தந்துவிடும். நேரம் மிச்சம் என்று அதை நம்பியதால் வந்த வினை.

சீதாதேவி என்பது எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானங்களில் ஒன்று. டக்ளஸ் கம்பனியின் டிசி-3 வகை. மக்கள் வாயில் டகோட்டா. 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்து அந்த நிறுவனத்தின் சேவையைத் தொடக்கிவைத்தது. சீதை சிறையிருந்ததாகச் சொல்லப்படும் சீதாஎலிய எங்கள் ஊரிலிருந்து நுவரெலியாவைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் எங்கள் பாட்டன்மார் சீதாதேவியில் ஏறியிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தலைமன்னார் கப்பல்தான். அடுத்த வருடமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்து அவர்கள் எந்த நாட்டவர் என்ற கேள்வியையே தலைகீழாக்கிவிட்டது. அது வேறு கதை.

கணினியில் விமானம் ஓட்டும் பறப்புப் பாவனை விளையாட்டுகளில் நம் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். ஓட்டுவதோடு நில்லாமல், ஓட்டும் விமானத்தைத் தானே செய்ய ஆசைப்படுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பிலேயே எயார்பஸ் ஏ-330ஐச் செய்யக் கிளம்பி, விமானியறையில் உள்ள நூற்றுக்கணக்கான பொத்தான்களைக் கண்டு இரண்டாம் வாரமே கைவிடுகிறார்கள். டகோட்டாவில் தொடங்குங்கள் என்பதே என் வாதம். பெரிய உருண்டை உடம்பு, எளிய சிறகு, மறைக்க ஒன்றுமில்லாத இயந்திரம். 1935இல் முதன்முதலில் பறந்த விமானம் என்பதால் படமும் அளவும் ஏராளமாகக் கிடைக்கின்றன. சிறகின் விரிவு 95 அடி. லயக்காம்பரா ஒன்றைப் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று எடுத்துக்கொண்டால், பன்னிரண்டு அடிப் பக்கமாக அடுக்கிய எட்டுக் காம்பரா. அதாவது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு முழு லயம். இப்படி மனதில் ஓர் அளவு விழுந்துவிட்டால் பிறகு பிழை குறையும்.

முப்பரிமாண உருவம் என்றால் என்ன? இதற்கு விடை ஒரு தேநீர்க் குடுவையில் இருக்கிறது. தேயிலைக்காரர்களாகிய நாம் பெருமைப்பட வேண்டிய சங்கதி. 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்ற ஆராய்ச்சியாளர், கணினியில் வரைந்து பார்க்கத் தோதான ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். பந்தும் பெட்டியும் அவருக்கு அலுத்துவிட்டன. தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி சான்ட்ரா, மேசையில் இருந்த தேநீர்ச் சாமானையே செய்து பாருங்களேன் என்றாராம். நியூவெல் குடுவையைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தார். கோடு வளையும் இடங்களைக் கட்டங்களில் எண்ணிப் பார்த்து, அந்த எண்களைக் கணினிக்குக் கொடுத்தார். அவ்வளவுதான். வயிறு உருண்டை, மூக்கு வளைந்த குழல், பிடியின் நடுவே ஓட்டை, மூக்கின் நிழல் வயிற்றிலேயே விழும். கணினி வரைகலைக்காரர்களுக்கு வேண்டிய சோதனைகள் அத்தனையும் ஒரே பாத்திரத்தில் அடங்கிவிட்டன. அந்தக் குடுவை இன்று கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

டகோட்டாவின் உடம்பும் அந்தக் குடுவையின் வயிறும் செய்முறையில் ஒன்றுதான். கட்டத் தாளுக்குப் பதிலாக மூன்று வரைபடங்கள்: மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து. அவற்றைத் திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரை இடையிடையே வளையங்களை வைத்து, ஒவ்வொரு வளையத்தையும் அந்த இடத்து உடம்பின் பருமனுக்குச் சுருக்கி விரித்து, வளையங்களை ஒன்றோடொன்று கோடுகளால் பிணைக்க வேண்டும். கொழுந்துக் கூடை முடைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குறுக்கே வளையம், நெடுக்கே பட்டி, இடையில் கண்கள். இப்போது கொழுந்துக்குப் பை வந்துவிட்டது. கூடையைக் கணினியில்தான் முடைய வேண்டியிருக்கிறது.

இதற்கு நான் பயன்படுத்துவது பிளெண்டர் என்ற இலவச மென்பொருள். நெதர்லாந்தின் டொன் ரோசன்டால் உருவாக்கியது. அவருடைய நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, ஒரு இலட்சம் யூரோ சேர்ந்தால் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக முதலீட்டாளர்களோடு பேசி முடித்தார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்தது. பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்டும் தோட்டத்துப் பிள்ளைக்கும் ஹொலிவூட் கலைஞனுக்கும் இன்று ஒரே கருவி என்பது அந்த ஏழு வாரத்தின் புண்ணியம்.

சிறகுக்கு வருவோம். இங்கே கண்ணை நம்பக்கூடாது. டகோட்டாச் சிறகின் குறுக்குவெட்டு, அடியில் நாக்கா 2215, நுனியில் நாக்கா 2206. நாக்கா என்பது நாசாவுக்கு முன்னிருந்த அமெரிக்க அரசின் வானூர்தி ஆய்வுக் குழு. அந்த நாலு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் சிறகையே படித்துவிடலாம். முதல் 2: சிறகின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள அகலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு மேல்நோக்கிய வளைவு. அடுத்த 2: அந்த வளைவின் உச்சம் முன்விளிம்பிலிருந்து பத்தில் இரண்டு பங்கு தூரத்தில். கடைசி 15: தடிப்பு நூற்றுக்குப் பதினைந்து. நுனியில் அது வெறும் ஆறாக மெலிகிறது. இவற்றைச் சூத்திரத்தில் போட்டால் புள்ளிகள் தாமாக வந்து விழும். கையால் வரைந்த என் முதல் சிறகு தோசைக்கரண்டி போல இருந்தது. கணக்கால் வந்த சிறகு சிறகாகவே இருந்தது.

எல்லாம் சேர்ந்ததும் ஒரு மயக்கம் பிடிக்கும். இன்னும் வளையம், இன்னும் புள்ளி, இன்னும் வழவழப்பு என்று மனம் கேட்கும். அப்போதுதான் கவாத்துக் கத்தியை எடுக்க வேண்டும். ஒரு வளையத்துக்கு 64 புள்ளி என்று வைத்து, வளையங்களுக்கு நடுவே 60 இடைவெளி விட்டால் 3,840 சதுரங்கள். கணினி ஒவ்வொரு சதுரத்தையும் இரண்டு முக்கோணமாகத்தான் வரையும்; ஆக 7,680. இது உடம்புக்கு மட்டும். வளையத்துக்கு 24 புள்ளி, 25 இடைவெளி என்று குறைத்தால் 1,200 முக்கோணத்தில் காரியம் முடிந்துவிடும். படம் தடுக்காமல் ஓட வேண்டுமானால் இவற்றைக் கணினி ஒரு செக்கனில் பல தடவை புதிதாக வரைய வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் வெட்டுவதற்குக் கை தயங்காது. கவாத்து வெட்டாத செடி மரமாகப் போகும், கொழுந்து தராது.

வெட்டினால் உருண்டை உடம்பு பட்டை பட்டையாகத் தெரியாதா? தெரியாது. அந்தத் தந்திரமும் யூட்டாவிலிருந்தே வந்தது. 1971இல் ஹென்றி கூரோ, அவருக்குப் பின் வியட்நாமில் பிறந்த புய் துவோங் ஃபோங், இருவரும் அங்கே ஆய்வு மாணவர்கள். வடிவத்தைத் தொடாதே, அதன்மேல் விழும் ஒளியை மட்டும் ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு மெதுவாக மாறவிடு, கண் ஏமாந்துவிடும் என்பதே இருவரும் காட்டிய வழி. டகோட்டாவின் தகடுகளைப் பிணைக்கும் எண்ணி மாளாத தறை ஆணிகளையும் இப்படித்தான் செய்கிறோம். ஆணியைச் செய்வதில்லை, ஆணித்தலையில் விழும் ஒளியை மட்டும் வரைகிறோம். ஓரமாகப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஆனால் விமானத்தை யாரும் அவ்வளவு ஓரமாகப் பார்ப்பதில்லை.

நிறம் பூசுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீப்பெட்டியைப் பிரித்து விரித்தால் தட்டையான அட்டையாகிறது அல்லவா? விமானத்தின் தோலையும் அப்படி வெட்டி விரித்து, அந்தத் தட்டைப் படத்தில் நிறமும் எழுத்தும் எழுதி, மறுபடி மடித்துப் போர்த்த வேண்டும். எங்கே வெட்டுவது என்பது தையல்காரரின் வித்தை. வயிற்றுக்குக் கீழே வெட்டினால் தையல் தெரியாது.

இனித்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்த உருவம் பறக்காது.

நான் பயன்படுத்துவது ஃபிளைட்கியர் என்ற இலவசப் பறப்புப் பாவனை. 1996இல் பேச்சாகத் தொடங்கி, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தது. அதில் உருவம் ஒரு கோப்பு. பறப்பு முற்றிலும் வேறொரு கோப்பு. பறப்புக் கோப்பில் படம் எதுவும் கிடையாது. எடை எவ்வளவு, எடையின் மையம் எங்கே, சிறகின் பரப்பு எவ்வளவு, 1,200 குதிரைவலுக் கொண்ட இரண்டு இயந்திரங்கள் எவ்வளவு தள்ளும், மூக்கு எத்தனை பாகை உயர்ந்தால் சிறகு தூக்குவதை நிறுத்தும் என்று எல்லாம் எண்கள்தான். டகோட்டாவின் உருவக் கோப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு லயத்தின் உருவத்தை வைத்தாலும், கூரைத் தகரத்தோடு அது டகோட்டா மாதிரியே ஓடி எழும்பும். நான் வைத்துப் பார்த்தேன். எழும்பியது. எக்ஸ்-பிளேன் என்ற பாவனை வேறு வழியில் போகிறது. சிறகைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் காற்று என்ன செய்யும் என்று கணக்கிட்டுக் கூட்டுகிறது. அங்கேயும் கணக்குக்கு ஒரு வடிவம், கண்ணுக்கு வேறொரு வடிவம்.

இரண்டு கோப்புகளையும் கட்டிப்போடுவது அசைவு. விசையைத் திருப்பியதும் சிறகின் பின்விளிம்பில் உள்ள தகடு அசைய வேண்டும் என்றால், எந்தத் தகடு, எந்த அச்சைச் சுற்றி என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அச்சு பிசகினால் தகடு சிறகைவிட்டுக் கழன்று வானத்தில் தனியே ஊஞ்சலாடும். இங்கே கண்ணாடி மறுபடி காலை வாரியது. விமானம் சாய்வதற்கு ஒரு பக்கத் தகடு மேலே போனால் மறுபக்கத் தகடு கீழே போக வேண்டும்; கண்ணாடிப் பிம்பத்தில் இரண்டும் ஒன்றாகவே மேலே போயின. புரொப்பெல்லரும் அப்படித்தான். டகோட்டாவில் இரண்டும் ஒரே திசையில் சுற்றும். என்னுடையவை ஒன்றையொன்று பார்த்துச் சுற்றின. வலமும் இடமும் ஒன்றுதான் என்று கண் சொல்கிறது. எந்திரம் அதை ஒப்புவதில்லை. ஃபிளைட்கியரில் பிறர் செய்த டகோட்டா ஏற்கனவே உண்டு. அதைத் திறந்து பார்த்துத்தான் திருத்தினேன். முழுசாக முயன்று பார்த்த பிறகு விடைத்தாளைத் திறப்பதில் தப்பில்லை.

திருத்தி முடித்து, இரத்மலானையில் எழும்பிக் கிழக்கே திரும்பினேன். எங்கள் மலைகள் வந்தன. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம், அறுபது மீற்றர் நீளக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பதினொரு நாளில் உலக நிலப்பரப்பின் 80 வீதத்தை ரேடாரால் அளந்தது. பாவனையில் வரும் மலைகளில் பல அந்த அளவைக் கொண்டு செய்தவைதான். பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரத்துக்குக் கம்பீரமாக நின்றது. ஆனால் ரேடார் தந்தது கட்டம் கட்டமான உயரங்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே கூர்மையான முகடு இருந்தால் அது மழுங்கிப்போகும். அளவெடுத்தவனும் எங்கேயோ கவாத்து வெட்டியிருக்கிறான். லயம் இல்லை, கோயில் இல்லை, கொழுந்து மடுவம் இல்லை. வெறும் பச்சை.

மஸ்கெலியாப் பக்கம் திரும்பியபோது சப்தகன்னி மலைத்தொடர் குறுக்கே வந்தது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளை ஏற்றிக்கொண்டு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் மோதியது இந்த மலையில்தான். டகோட்டாவை வடித்த அதே டக்ளஸ் குடும்பத்து விமானம். தாங்கள் இருக்கும் இடத்தைப் பிழையாகக் கணித்த விமானிகள், மலைகளைத் தாண்டியாயிற்று என்று எண்ணிக் கீழே இறங்கினார்கள். 182 பயணிகள், 9 பணியாளர்கள், ஒருவரும் தப்பவில்லை. அதற்கு மூன்றே நாள் முன்பு அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் ஒரு விமானம் இதே போல மலையில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் அமெரிக்கா கட்டாயமாக்கியது அந்த மாதம்தான்.

என் சீதாதேவிக்குச் சக்கரம் இன்னும் சரியாக அமையவில்லை. உள்ளிழுத்த பிறகும் டகோட்டாவின் சக்கரத்தில் ஒரு பகுதி வெளியே தெரியும். அந்த வளைவு படத்திலிருந்து பிடிபடவில்லை. ஒரு விமானச் சக்கரத்தை நேரில் பார்த்தால் தேவலை என்று தோன்றியது. மலையகத்தில் அதற்கு எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான் உண்டு. அந்த டிசி-8இன் டயர் ஒன்றை நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள்.