நக்கிள்ஸ் மலையோரம் கூடாரமடிக்க இடம் தேடுவோருக்கு

கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்துள்ள நக்கிள்ஸ் மலைக்காடு 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மீமுரே, ரிவர்ஸ்டன் பக்கம் கூடாரமடித்துத் தங்க வருவோரை நம்பி காணி எடுக்க எண்ணும் வியாபாரிகள், முற்பணம் கொடுக்க முன்னர் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது எல்லை. 2000ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட பாதுகாப்பு வனத்தினுள் காணி அமைந்தால், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றிக் கூடாரமடிக்க முடியாது. உறுதியையும் நில அளவைப் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தண்ணீர். ஓடைக்கரையைத்தான் வருவோர் விரும்புவர். ஆனால் உச்சியில் பெய்யும் மழைக்கு, கீழே வெயிலடிக்கும்போதே ஓடை பெருகிவிடும். கரையை விட்டு விலகிய மேட்டு நிலமே ஏற்றது.

மூன்றாவது மண். 2025 நவம்பரில் டிட்வா சூறாவளியின்போது இவ்விரு மாவட்டங்களிலும் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. செங்குத்தான சரிவின் கீழுள்ள காணி மலிவாகக் கிடைத்தாலும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றி விசாரித்த பின்பே கையொப்பமிடுங்கள்.

முதலில் குறுகிய காலத்துக்கு எடுத்து, ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் காணியின் நிலையை நேரில் பாருங்கள். நீண்டகாலக் குத்தகையை அதன்பின் பேசினால் முதலும் தப்பும், தங்க வருவோரும் பாதுகாப்பாக இருப்பர்.