இந்த வருஷம் 24 போதும்

2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸ் அணி ஓக்லஹோமா சிட்டி தண்டரை 152-79 என்று வென்றது. 73 புள்ளி வித்தியாசம்! அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அதற்கு முன் இப்படி ஒரு தோல்வி இல்லை. எனக்குத் தோற்ற தண்டர் அணிமேல் கோபமே வரவில்லை. நட்சத்திரம் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் அன்று ஆடவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் சின்னப் பையன்கள்.

அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 24 வெற்றி. அடுத்த வருஷம் 40, பிறகு 57, அதற்கடுத்து 68. 2025 ஜூனில் கோப்பை.

இதைப் பார்த்துவிட்டு எல்லா இளம் அணியும் இப்படி ஏறும் என்று நம்பக் கூடாது. விக்டர் வெம்பன்யாமா போன்ற அபூர்வ வீரர் வந்த முதல் சீசனிலும் சான் அன்டோனியோ முந்தைய வருஷம் போலவே 22 ஆட்டம்தான் ஜெயித்தது. தோற்றுக்கொண்டே இருந்தால், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் இடம் கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீத வாய்ப்புதான் என்று 2019இல் மாற்றிவிட்டார்கள்.

இளம் அணியின் முதல் வருஷத்தில் வெற்றிக் கணக்கை நான் பார்ப்பதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தை எத்தனை முறை பறிகொடுக்கிறார்கள், நவம்பரில் 20 புள்ளியில் தோற்றவர்கள் மார்ச்சில் 6 புள்ளியில் தோற்கிறார்களா, இவைதான் கணக்கு. டெட்ராய்ட் 2023-24இல் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று 14 வெற்றியோடு முடித்தது. அடுத்த சீசனில் 44. டோபியாஸ் ஹாரிஸ் மாதிரி அனுபவசாலிகளைச் சேர்த்ததும் அதற்கொரு காரணம். இளைஞர்களை மட்டுமே வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருக்கவில்லை.