பெரிய உடம்புக்காரர் காணவில்லை!

காணவில்லை! பெயர்: பிருஹத்காயோசாரஸ். வயது: சுமார் ஏழு கோடி. சொந்த ஊர்: அரியலூர் பக்கம் கல்லமேடு. அங்க அடையாளம்: முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். கடைசியாகப் பார்த்தவர்கள்: அரசாங்க விஞ்ஞானிகள் இருவர்.

பேப்பரில் இப்படி ஒரு விளம்பரம் கொடுக்கலாமா என்று போன மாதம் நான் தீவிரமாக யோசித்தேன். காரணம், என் அக்கா மகன்.

எட்டாம் வகுப்பு. லீவுக்குக் கழுகுமலை வந்திருந்தான். வந்த அன்றே திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தான்.

"மாமா, உலகத்துலேயே பெரிய டைனோசர் எங்க கிடைச்சது?"

நான் ஆபீஸில் பைல் தள்ளுகிற ஆசாமி. எனக்குத் தெரிந்த டைனோசர் எல்லாம் 'ஜுராசிக் பார்க்' படத்தில் ஜீப்பைத் துரத்தியதுதான். "அமெரிக்காவுலயா இருக்கும் மாப்ளே" என்றேன்.

"இல்ல மாமா. நம்ம அரியலூரா இருக்கலாமாம்!"

அரியலூரா? எங்கள் பக்கத்துப் பெரிசுகளுக்கு அரியலூர் என்றால் 1956 ரயில் விபத்து. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியையே ராஜினாமா செய்தாரே, அந்த ஊர். கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னை போகிற நாங்கள் எல்லோரும் அரியலூரைத் தாண்டித்தான் போகிறோம். என்ன, நடு ராத்திரி. குறட்டையில் டைனோசரை எங்கே கவனிப்பது?

மருமகனிடம் தோற்கலாமா? கௌரவப் பிரச்னை. ஒரு வாரம் படித்தேன். படிக்கப் படிக்க பெருமையாக இருந்தது. கடைசியில் வயிற்றைப் பிசைந்தது.

பீரோவை விடப் பெரிய எலும்பு

ஏழு கோடி வருஷத்துக்கு முன் அரியலூர் கடற்கரை ஊர். கடல் உள்ளே வரும், பின்வாங்கும், மறுபடி வரும். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தைகளின் மிச்சம்தான் இன்றைக்கு அங்கே சுண்ணாம்புக்கல். அதனால்தான் அந்த வட்டாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் சிமென்ட் ஆலை. லோன் போட்டு நீங்கள் கட்டுகிற வீட்டுச் சுவரில் டைனோசர் காலத்துச் சிப்பி கலந்திருக்கலாம். மாதத் தவணை கட்டும்போது இதை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த மண்ணைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் ஆல்பிரட் மேட்லி என்கிற ஆங்கிலேயர், திருச்சி மாவட்ட டைனோசர்களைப் பற்றி 1929-ல் ஒரு கட்டுரையே எழுதினார். (அப்போது அரியலூர் திருச்சி மாவட்டம்.)

பிறகு நம்மவர்கள் வந்தார்கள். இந்திய புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி. கல்லமேட்டில் இவர்களுக்குக் கிடைத்தது இடுப்பெலும்பு, தொடை எலும்பில் ஒரு பகுதி, கணுக்கால் வரை வரும் கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வாலில் ஒரு முள்ளெலும்பு. முழு எலும்புக்கூடு இல்லை, சில்லறைதான். ஆனால் சில்லறையே நோட்டுக்கட்டு கனம்! கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர். உங்கள் ஆபீஸ் கோத்ரெஜ் பீரோவை நிமிர்ந்து பாருங்கள், கிட்டத்தட்ட அந்த உயரம். முட்டிக்குக் கீழேயே இவ்வளவு என்றால் மேலே எவ்வளவு?

1987-ல் பெயர் வைத்தார்கள். பிருஹத் என்றால் பெரிய, காயம் என்றால் உடம்பு. பெரிய உடம்புப் பல்லி! கூடவே மேட்லி துரைக்கு மரியாதையாக 'மேட்லியி' என்று ஒரு வால்.

சைவமா, அசைவமா?

பெயர் வைத்ததும் சர்ச்சை ஆரம்பித்தது. கண்டுபிடித்தவர்கள் முதலில் இதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்தார்கள். இவ்வளவு பெரிய அசைவமா என்று உலகம் வாயைப் பிளந்தது. 1995-ல் சங்கர் சட்டர்ஜி என்ற விஞ்ஞானி, 'ஐயா, இது சுத்த சைவம். நீளக் கழுத்து, நீள வால் வைத்துக்கொண்டு இலை தழை தின்கிற ஜாதி' என்று வேறு பந்தியில் உட்கார வைத்தார். இன்றைக்கும் அதுதான் முடிவு.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போனார்கள். 'இது எலும்பே இல்லை. கல்லாகிப் போன மரமாக இருக்கும்!'

அப்படிச் சொல்ல ஒரு காரணமும் இருந்தது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் ஒன்று படுத்திருக்கிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியே சொன்னது. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? எலும்பை எடுத்துப் பார்ப்போம். அங்கேதான் வந்தது வினை.

எலும்பு இல்லை!

திருட்டுப் போகவில்லை. உதிர்ந்து போய்விட்டது. எலும்பு கிடந்தது ஈரத்தை உறிஞ்சுகிற களிமண்ணில். ஏழு கோடி வருஷமாக மண்ணுக்குள் ஒரே நிலையில் இருந்தது, வெளியே எடுத்ததும் காற்றும் வெயிலும் ஈரமும் பட்டு விரிசல் விட்டுப் பொடிப்பொடியாகிவிட்டது. ஆபீஸ் போய்ச் சேரும் முன்பே கதை முடிந்தது என்கிறார்கள்.

இதை விஞ்ஞானி யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. கரிசல்காட்டுக்காரன் நான். சித்திரையில் எங்கள் நிலத்தில் வெடிப்பு கால் உள்ளே போகிற அகலம் இருக்கும். ஐப்பசி மழையில் அதே மண் ஊதி, செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இந்த ஊதலிலும் சுருங்கலிலும் எங்கள் வீட்டுச் சுவரே மூன்று இடத்தில் வாய் பிளந்திருக்கிறது. பாவம், எலும்பு என்ன செய்யும்?

அதே வருஷம், அங்கே

இதைக் கேளுங்கள். அதே 1987-ல் அர்ஜென்டினாவில் ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் பெரிய கட்டை ஒன்றைப் பார்த்தார். அவரும் கல்மரம் என்றுதான் நினைத்தார். எலும்பு! கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர். 1993-ல் 'அர்ஜென்டினோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். இன்று உலகம் பூராவும் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் தெரியும். எலும்பைப் பத்திரமாக மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். நம்ம ஆள் காலில் அரை மீட்டர் அதிகம். ஆனால் காட்டுவதற்குக் கால் இல்லை!

இருபது முப்பது வருஷம் இந்தப் பெயரைக் கேட்டாலே வெளிநாட்டு விஞ்ஞானிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆதாரம் என்று இருந்தது சில கோட்டுப் படங்கள்தான்.

2022-ல் திருப்பம். அய்யாசாமியும் பால் என்கிற இளைய ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அதுவரை யாரும் பார்க்காத பழைய போட்டோக்கள்! மண்ணில் எலும்பு கிடந்தபோது எடுத்தவை. அதைப் பார்த்த பிறகு 'மரக்கட்டை' கோஷ்டியின் வாய் பெரும்பாலும் அடைத்தது. மறு வருஷமே கிரிகோரி பால், ஆசியர் லரமெண்டி என்ற இருவர் கணக்குப் போட்டார்கள். எடை 110-லிருந்து 170 டன் வரை இருக்கலாம், பெரும்பாலும் 110 முதல் 130-க்குள் என்றார்கள். நாலு டன் யானையாக வைத்தால் குறைந்தபட்சம் 27 யானை. நீலத் திமிங்கலத்தோடு தோளில் கை போடுகிற எடை. அதுவும் தண்ணீரில் மிதக்காமல், தரையில் நாலு காலில் நடந்து!

சும்மா சொல்லக்கூடாது, இது உத்தேசக் கணக்குதான். எலும்பு கையில் இருந்திருந்தால் 'இருக்கலாம்' போய் 'இருக்கிறது' வந்திருக்கும். உலகத்தின் முதல் நம்பருக்கும் ஒரு சந்தேகக் குறிக்கும் நடுவில் நின்றது கொஞ்சம் பிசின், கொஞ்சம் சாக்குத்துணி, கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கை உடைந்தால் மாவுக்கட்டு போடுவதுபோல், எலும்பை மண்ணோடு சேர்த்துக் கட்டித்தான் தூக்குவார்கள். அவ்வளவு பெரிய எலும்பு, அந்தக் களிமண், அந்தக் காலத்து வசதி... கண்டுபிடித்தவர்களை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் குறை சொல்லமாட்டேன்.

சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கடப்பாரை

எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் காட்டில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள் பெரிய பானை விளிம்பு தெரிந்தது. முதுமக்கள் தாழி. எங்கள் ஜில்லாவில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது, அந்த வகையறா. எனக்கும் என் சேக்காளிகள் இரண்டு பேருக்கும் அதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். புதையல்!

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போன நேரம். கடப்பாரையை எடுத்து ஒரே போடு. உள்ளே மண். ஒரு சின்னக் கலயம். அப்புறம் ஏதோ வெள்ளையாக. கையில் எடுத்தேன். திருநீறு மாதிரி உதிர்ந்தது. எலும்பு.

மறுநாள் எங்கள் தமிழ் வாத்தியார் காதுக்கு விஷயம் போனது. அடிக்கவில்லை. "ஏலே, ரெண்டாயிரம் வருசமா மண்ணு பாத்துக்கிட்டதை, ஒங்க கையில ரெண்டு நிமிசம் குடுத்ததுக்குத் தாங்கலையேலே" என்றார். அடித்திருக்கலாம். அடி மறந்துபோயிருக்கும்.

கல்லமேட்டு எலும்பு உதிர்ந்த கதையைப் படித்தபோது என் உள்ளங்கையில் அந்த வெள்ளைப் பொடி தெரிந்தது.

மலைமேல் ஒரு கேள்வி

மருமகனை சாயங்காலம் மலைக்குக் கூட்டிப்போனேன். வெட்டுவான் கோயில் பார்த்திருப்பீர்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர்கள் மலையை மேலிருந்து கீழே குடைந்து செய்த ஒற்றைக்கல் கோயில். பாதியில் நிற்கிறது. பக்கத்தில் சமணச் சிற்பங்கள். அந்தப் பாறையிலேயே யாரோ இரண்டு காதல் ஜோடிகள் அம்பு விட்ட இதயத்தோடு தங்கள் பெயரையும் வெட்டி வைத்திருந்தார்கள். பாண்டியனுக்குப் பிறகு இவர்கள்தான் கலைஞர்கள்!

"இந்த மலையைத் தோண்டினா டைனோசர் கிடைக்குமா மாமா?"

"கிடைக்காது மாப்ளே. இது பூமிக்கு அடியில் வெந்து இறுகின பாறை. டைனோசர் பொறக்கிறதுக்கு ரொம்ப முந்தி. சேறும் மணலும் படிஞ்சு கல்லாகிற இடத்துலதான் எலும்பு தங்கும். அரியலூர்ல அது நடந்தது."

"அப்ப நமக்கு ஒண்ணும் கிடைக்காதா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே. கிடைக்கும் தம்பிகளா. கிணறு வெட்டும்போது, குளம் தூர் வாரும்போது, வீட்டுக்கு வானம் தோண்டும்போது ஏதாவது கிடைக்கும். 2020-ல் பெரம்பலூர் குன்னம் ஏரியில் உருண்டை உருண்டையாகக் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. வல்லுநர்கள் பார்த்து, முட்டை அல்ல, கல் உருண்டை என்றார்கள். பரவாயில்லையே! பார்த்தவன் சொன்னான், தெரிந்தவர் வந்து பார்த்தார். அதுதான் முறை.

தொடாதீர்கள். தட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ, சில்லறைக் காசோ வைத்து, போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ பக்கத்து அரசு மியூசியத்திலோ சொல்லுங்கள். போட்டோ தானே என்று நினைக்காதீர்கள். எலும்பு போன பிறகு அரியலூர் பெரியவரின் மானத்தைக் காப்பாற்றியது போட்டோதான்.

மறுநாள் காலை மருமகனைக் காணோம். தேடிப்போனால் எங்கள் காட்டு வரப்பில் குனிந்து நிற்கிறான். காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்பு சிவப்பு ஓடு. பக்கத்தில் அவனுடைய ஸ்கேல். என் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கையில எடுத்தியாலே?"

"நீங்கதான தொடக்கூடாதுன்னீங்க!"

அந்த ஓடு அங்கேயே இருக்கிறது. படம் என் போனில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மியூசியத்தில் காட்டப் போகிறேன். அது வெறும் உடைந்த சட்டியாகவே இருக்கட்டும். என் கணக்கில் ஒரு தாழி பாக்கி இருக்கிறது.